நாலு காலும் ஒரு கூரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறோம், எட்டுப் பேர் குழு. 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.4 மீட்டர் உயரத்தில் மூங்கில் நிழற்கூரை ஒன்று கட்டினோம். 1:10 மாதிரி அசையாமல் நின்றது. முழு அளவில் கட்டியதும் ஒரு கையால் தள்ளினாலே ஆடுகிறது. இன்னும் தடிமனான மூங்கில் போடலாமா?

பதில்: போடலாம், ஆட்டம் நிற்காது. மாதிரியில் மூட்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருப்பீர்கள். காய்ந்த பசை கோணத்தை மாறவிடாது. முழு அளவில் ஒரு மூட்டுக்கு ஒரு போல்ட்தானே போட்டிருக்கிறீர்கள்? அது கீல் மாதிரி திரும்பும். நாலு மூலையிலும் கீல் வைத்த சட்டம் சாய்சதுரமாகச் சரியும், முக்கோணம் சரியாது.

எனவே மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் குறுக்குச் சட்டம் போடுங்கள்: கூரைத் தளத்தில் ஒன்று, நாலு பக்கங்களில் மூன்றில் ஒவ்வொன்று. நாலாவது பக்கத்தை வாசலாக விடலாம். எதிரெதிர் பக்கங்கள் இரண்டில் மட்டும் கொடுத்தால் மற்றத் திசையில் ஆடும். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் கொடுத்தால் இரு திசையும் நிற்கும், ஆனால் கூரை முறுக்கிக்கொண்டு திரும்பும். சட்டத்துக்குப் பதில் கம்பி வடம் என்றால் பக்கத்துக்கு இரண்டு, பெருக்கல் குறியாக. வடம் இழுவையை மட்டுமே தாங்கும், அழுத்தினால் தொய்ந்துவிடும். இறுக்குவதற்கு முன் மூலைவிட்டங்களை அளந்துவிடுங்கள். 3 மீட்டர் சதுரத்தில் இரண்டும் 4 மீட்டர் 243 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோணலையே இறுக்கிக் கட்டியதாகிவிடும்.

மாதிரியை நம்பாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. எல்லா அளவையும் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான். சொந்த எடையால் வரும் தகைவு, அதாவது ஒவ்வொரு அலகுப் பரப்பும் தாங்கும் விசை, பத்து மடங்காகிவிடும். மாதிரி வடிவத்தைக் காட்டும், வலுவைக் காட்டாது.

கேள்வி: எங்கள் கூரை வெறும் துணிதான். மொத்த எடையே 150 கிலோ. இதற்கும் அடித்தளம் தேவையா?

பதில்: எடை குறைவு என்பதால்தான் தேவை. இத்தகைய கூரைகள் பாரத்தால் விழுவதைவிடக் காற்றில் கிளம்பிப் போவதே அதிகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றழுத்தம், சதுர மீட்டருக்கு நியூட்டனில், 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் 540. இந்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு கூரையை மேலே இழுக்கிறது என்பதைச் சொல்வது மேலிழுப்புக் கெழு. திறந்த தட்டைக் கூரைக்கு முதல் கணக்கில் அதை 1 என்று வைத்தால், 3 மீட்டர் சதுரக் கூரையின் 9 சதுர மீட்டருக்கு 4,860 நியூட்டன். 1.5 பாதுகாப்புக் காரணி சேர்த்தால் 7,290. ஏறக்குறைய 743 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது. உங்கள் 150 கிலோவை முழுதாக நம்பாமல் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 135 கிலோவை, மட்டும் கழித்தால் மீதி 608. காலுக்கு 152 கிலோ எதிரெடை வேண்டும். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. 40 செ.மீ. கனசதுரக் கட்டை 154 கிலோ வரும், போதும். அந்தக் கட்டை நீர் தேங்கும் மண்ணுக்குள் இருந்தால் மிதப்பு விசை போக 90 கிலோதான் மிஞ்சும், பெரிதாக்குங்கள். வேகத்தையும் கெழுவையும் கடைசியில் உங்கள் ஊர்க் கட்டட விதிகளிலிருந்து எடுத்துப் பொறியாளரிடம் காட்டிவிடுவது கட்டாயம்.

கட்டையோடு கதை முடியவில்லை. துணியிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்து கால், காலிலிருந்து கட்டை: ஒவ்வொரு மூட்டும் அந்த இழுப்பைக் கைமாற்ற வேண்டும். விட்டத்தைக் காலின்மேல் சும்மா உட்கார வைத்து நாலு சுற்று கயிறு கட்டிய வரைபடங்கள் இங்கேதான் தோற்கின்றன. மூங்கிலை மண்ணில் நடவும் வேண்டாம், அழுகும். இரும்புக் காலணியில் 15 செ.மீ. உயர்த்தி நிறுத்துங்கள்.

கேள்வி: போல்ட் போட்ட இடத்திலெல்லாம் மூங்கில் பிளக்கிறது.

பதில்: நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்கே பிடித்துக்கொள்வது கணுக்கள்தான். துளைக்கும் மூங்கில் முனைக்கும் நடுவில் ஒரு கணுவாவது இருக்கட்டும். ஆணி அடிக்கவே வேண்டாம். கூரான டிரில் பிட்டால், போல்ட்டைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாகத் துளையிடுங்கள். துளைக்கு இரு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோகப் பட்டை வளையம்) போட்டால் பிளவு ஓடாது. நட்டை மிஞ்சி முறுக்கினால் உள்ளே வெற்றிடம், சுவர் நொறுங்கும். பாரம் அதிகமான மூட்டில், போல்ட் போகும் இடத்தின் இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை மட்டும் 1:3 சிமென்ட் கலவையால் நிரப்பலாம். பச்சை மூங்கிலாக இருந்தால் இத்தனையும் வீண். காயும்போது சுருங்கி அதுவாகவே வெடிக்கும்.

கேள்வி: பூச்சிக்கு என்ன செய்வது?

பதில்: 100 லிட்டர் நீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். கணுக்களை உள்ளே கம்பியால் குத்தித் திறந்து, ஒரு வாரமாவது மூழ்க வைத்து, நிழலில் உலர்த்துங்கள். மழையில் இது கரைந்து வெளியேறும், ஆகவே கூரை நன்றாக வெளியே நீண்டிருக்கட்டும்.

கேள்வி: எட்டுப் பேருக்கு வேலையை எப்படிப் பிரிப்பது?

பதில்: எப்படி வேண்டுமானாலும். ஆனால் அளவுகளுக்குப் பொறுப்பு ஒருவர் மட்டுமே. அவர் கையில் இருக்கும் வெட்டுப் பட்டியலைத் தவிர வேறு தாளைப் பார்த்து யாரும் ரம்பத்தைத் தொடக் கூடாது. 6 மீட்டர் இரும்புக் குழாயில் 1.2 மீட்டர் துண்டு ஐந்து வரும் என்று எழுதுகிறவர்கள் நிறைய. ரம்பம் வெட்டுக்கு 3 மி.மீ. தின்றால் நாலு வெட்டுக்குப் பின் ஐந்தாவது துண்டு 12 மி.மீ. குட்டை. மூங்கிலில் அடி பருத்தும் நுனி மெலிந்தும் இருப்பதால் அளவுகளை வெளிவிளிம்பிலிருந்து எடுக்காமல் மையக்கோட்டிலிருந்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரிக்குப் பளபளவென்று ரெண்டர், அதாவது கணினியில் செய்த தோற்றப்படம், எத்தனை வேண்டும்?

பதில்: ஒன்று போதும். மிச்ச நேரத்தில் கால், விட்டம், குறுக்குச் சட்டம் மூன்றும் சேரும் மூட்டை முழு அளவில் செய்து மேசைமேல் வையுங்கள். அதில் ஸ்பானர் நுழைய இடமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.