பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காத ட்ரம்ஸ்

மின்னணு ட்ரம்ஸ் பற்றி வந்து குவிந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்க முடியவில்லை.

கேள்வி: மாஸ்டர், என் மகன் தேவாலயத்தில் ட்ரம்ஸ் வாசிக்கிறான். வீட்டிலும் பயில வேண்டும் என்று மின்னணு ட்ரம்ஸ் கேட்கிறான். நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். இதில் சத்தமே வராது என்கிறார்கள், உண்மையா? எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: பாதி உண்மை, அம்மா. ஹெட்போன் போட்டுக்கொண்டால் ட்ரம்ஸின் ஒலி பையனுக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் குச்சி பேடில், அதாவது அடிக்கும் தட்டில், விழும் ‘டப் டப்’ ஓசையும், கால் பெடலை மிதிக்கும் அதிர்வும் எங்கும் போய்விடுவதில்லை. நான் வளர்ந்த லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அடுத்த காம்பராவில் தேங்காய் துருவுவதுகூட எங்களுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் ரப்பர் பேடை இரவு ஒன்பது மணிக்கு அடித்தால் மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் உங்களுக்குத்தான் பேச்சு விழும்.

அதனால் ரப்பர் பேட் வேண்டாம், வலைத்தோல், அதாவது தோலுக்குப் பதில் வலைத்துணி இழுத்துக் கட்டியது, உள்ளதை வாங்குங்கள். எல்லாப் பேடும் வலையாக இல்லாவிட்டாலும் ஸ்நேராவது, அதாவது வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ட்ரம்மாவது, வலையாக இருக்கட்டும். ஓசை குறைவு என்பதோடு மணிக்கட்டுக்கும் நல்லது. 1981இல் சிமன்ஸ் நிறுவனம் அறுகோண பேட்களோடு மின்னணு ட்ரம்ஸை வெளியிட்டபோது உலகமே வியந்தது. ஆனால் அந்தக் கடினமான பிளாஸ்டிக்கை அடித்து அடித்து வாசித்தவர்களுக்குக் கை வலி வந்ததுதான் மிச்சம். 1997இல் ரோலண்ட் வலைத்தோலைக் கொண்டுவந்த பிறகுதான் குச்சி இயல்பாகத் துள்ளத் தொடங்கியது.

வலைத்தோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் எல்லாரும் இதில் ஏமாறுகிறார்கள். தப்பு எனும் பறையை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகும், சுதி ஏறும். அந்தப் பழக்கத்தில் வலைத்தோலின் திருகுகளை முறுக்கு முறுக்கு என்று முறுக்கிவிட்டு, ‘மாஸ்டர், சுதி ஏறவில்லையே’ என்று வந்து நிற்பார்கள். ஏறாது. திருகு மாற்றுவது துள்ளலை மட்டும்தான். சுதி, ஒலியை உண்டாக்கும் மொடியூல் என்ற பெட்டிக்குள் இருக்கிறது, அதை அங்கேதான் மாற்ற வேண்டும்.

அடுத்தது கால். சில மலிவான செட்களில் கிக்குக்கு, அதாவது காலால் வாசிக்கும் பெரிய ட்ரம்முக்கு, அடிக்கும் தடியே இராது, வெறும் மிதிபலகை மட்டும் இருக்கும். தேவாலயத்தில் உண்மையான ட்ரம்ஸ் வாசிக்கிற பிள்ளைக்கு அது உதவாது. காலின் பழக்கம் கெட்டுவிடும். பெடலின் தடி வந்து மோதும் கிக் பேட் உள்ள செட்டாகக் கேளுங்கள். சீமெந்துத் தரை என்றால் தடித்த கம்பளம் ஒன்று போதும். மாடி வீடு என்றால் கதை வேறு. நான் ஹட்டனில் ஒரு தையற்கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தேன். ஹெட்போனோடு, பூனை மாதிரி வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தையற்காரர் கத்திரிக்கோலோடு மேலே வந்து, “தம்பி, மாவிடிக்கிறீர்களா?” என்று கேட்டார். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே, பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்துகளை வரிசையாக வைத்து ஒரு மேடை செய்து, செட்டை அதன்மேல் ஏற்றினேன். அதிர்வு முழுதாக நிற்கவில்லை, ஆனால் கத்திரிக்கோல் திரும்ப வரவில்லை.

கடைசியாக, பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆசனம், கிக் பெடல், ஹெட்போன் ஆகியவை பல செட்களில் தனியாக வாங்க வேண்டியவை. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அதில் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இன்னும் கூடவோ தாமதித்து வரும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால் பாகமே 0.125 நொடிதான். பிள்ளை தாளத்தை விட்டுவிட்டுத் தாமதத்தைத் துரத்திக்கொண்டிருப்பான்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களோடு ஒரு ட்ரம்ஸ் செட் கிடைத்தது. அடெப்டரைச் செருகியதும் கருகிய மணம். பிறகு உயிரே இல்லை. மொடியூல் போய்விட்டதா?
– வாசகர் ஒருவர், நுவரெலியா

பதில்: தம்பி, ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230. அந்த அடெப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால் நம் சுவரில் செருகிய கணமே அதன் ஆயுள் முடிந்தது. நானும் இதே வழியில் ஒன்றைக் கருக்கியவன்தான், அதனால் திட்டவில்லை. பெரும்பாலும் அடெப்டர் தான் எரிந்து மொடியூலைக் காப்பாற்றிவிடும். மொடியூலின் பின்புறம் பாருங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லி அம்பியர், நடுமுனை நேரா எதிரா என்று சிறு படமாகப் போட்டிருக்கும். சில செட் 9 வோல்ட் கேட்கும், சில 12. வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. நடுமுனை மாறிய அடெப்டரை மட்டும் ‘செருகிப் பார்ப்போமே’ என்று செருகிவிடாதீர்கள். இதுவரை தப்பிய மொடியூல் அதில் போய்விடும்.

இன்னொன்று: ஏப்ரலிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் இடி தொடங்குமுன் செருகியைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

கேள்வி: ஸ்நேரை அடித்தால் கிரேஷ் (ஓங்கி ஒலிக்கும் தாளத்தட்டு) தானாக ஒலிக்கிறது. ஒரு டொம் (பக்கத்து ட்ரம்) ஊமையாகிவிட்டது. ஹை-ஹெட்டை (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டை) மிதித்தாலும் திறந்த ஒலியே வருகிறது. செட்டை விற்றுவிடலாமா?
– இசைக்குழு இளைஞர், தலவாக்கலை

பதில்: மூன்றும் மூன்று வேறு நோய். விற்கிற அளவுக்கு எதுவுமே இல்லை.

கிரேஷ் தானாக ஒலிக்கும் பேய் ஒலியை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு பேடுக்கும் உள்ளே காசு அளவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. பியசோ என்பார்கள். அதிர்வு பட்டால் சிறு மின்னழுத்தம் தரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதிர்வு குச்சியிலிருந்து வந்ததா, ஸ்நேரிலிருந்து இரும்புச் சட்டம் வழியாக வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் சட்டத்தின் பிடிகளை இறுக்குங்கள். கிரேஷின் தண்டு வேறெதிலும் உரசுகிறதா பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மொடியூலில் கிரேஷுக்குரிய ‘த்ரெஷோல்ட்’ அளவை (எவ்வளவு அதிர்வுக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை) ஒரு படி, ஒரே ஒரு படி ஏற்றுங்கள். நிறைய ஏற்றினால் மெல்லிய அடிகளையும் அது விழுங்கிவிடும்.

ஊமை டொம்மின் கேபிளைக் கழற்றி, நன்றாக ஒலிக்கும் இன்னொரு டொம்மின் கேபிளை அதில் செருகுங்கள். இப்போது ஒலித்தால் பேடுக்குக் குற்றமில்லை. கேபிளில்தான், அல்லது மொடியூலின் அந்தத் துளையில்தான் கோளாறு. என்னிடம் வரும் ‘செத்த’ பேட்களில் பெரும்பாலானவை சாகவில்லை. மூடுபனியும் ஈரமும் ஏறி, செருகியின் உலோகத்தில் பாசி மாதிரிக் களிம்பு பிடித்திருக்கும். மின்தொடர்புகளைத் துடைக்கும் ஸ்பிரே கடையில் கிடைக்கும். அதைத் தெளித்து நாலைந்து முறை செருகி எடுங்கள். தைல ஸ்பிரே வேண்டாம்; அது தூசியைச் சேர்க்கும். அதற்கும் பேசாவிட்டால்தான் பேடைத் திறப்பது. பியசோவில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி விட்டுப்போயிருக்கும். ரேடியோ திருத்துபவரிடம் கொடுங்கள். சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் தகடு கெட்டுவிடும் என்று அவரிடம் சொல்லத் தேவையிருக்காது, இருந்தாலும் சொல்லுங்கள்.

கேபிள் மாற்றும்போது கவனம்: விளிம்பு தனியாகவும் நடு தனியாகவும் ஒலிக்கும் பேடுக்கு ஸ்டீரியோ செருகி, அதாவது முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளது, வேண்டும். ஒரு வளையம் உள்ளதைப் போட்டுவிட்டு விளிம்பு ஒலிக்கவில்லை என்று அழாதீர்கள்.

ஹை-ஹெட்டுக்கு என் ஊகம், செட்டை இயக்கும்போதே உங்கள் கால் பெடலில் இருந்திருக்கும். சில மொடியூல்கள் உயிர்பெறும் நொடியில் பெடல் இருக்கும் நிலையையே ‘திறந்தது’ என்று மனதில் வைத்துக்கொள்ளும். அணைத்து, காலை எடுத்து, மறுபடி இயக்குங்கள்.

கேள்வி: எந்தக் கம்பனி சிறந்தது?
– பலர்

பதில்: உதிரிப்பாகம் பஸ்ஸில் போய் வாங்கிவரக்கூடிய தூரத்தில் எந்தக் கம்பனிக்குக் கிடைக்கிறதோ அது.

கேள்வி: காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர்கள் நாங்கள். தப்பின் ஒலியை மின்னணு ட்ரம்ஸில் ஏற்ற முடியுமா?
– தோட்டத்து இளைஞர், மஸ்கெலியா

பதில்: முடியும். வெளி ஒலிக்கோப்புகளை ஏற்கும் மொடியூலாக இருந்தால் நேரே ஏற்றலாம். இல்லாவிட்டால் யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, ஒலியைக் கணினியிலிருந்து எடுக்கலாம். கணினி சார்ஜரில் இருக்கும்போது ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

ஒரே ஓர் அடியைப் பதிந்து எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள், செத்துப்போன ஒலியாக இருக்கும். தடித்த குச்சியின் அடி வேறு, மெல்லிய குச்சியின் அடி வேறு. ஒவ்வொன்றிலும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அளவில் பதியுங்கள். காய்ச்சிய உடனே, சூடு இறங்குமுன் பதிந்துவிடுங்கள். உங்கள் பக்கம் மாலையில் பனி இறங்கினால் தோல் மறுபடி தொய்ந்துவிடும், காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.