இது எவ்வளவுக்குப் போகும்? பழைய சாமான் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்களில முக்கால்வாசி "எவ்வளவுக்குப் போகும்" எண்டுதான் முடியுது, சரி, சொல்லுறன், ஆனா படம் அனுப்பிற ஆக்கள் தயவுசெய்து சாமான்ட முன்பக்கத்தை மட்டும் வடிவா எடுத்து அனுப்பாதேங்கோ. அடிப்பக்கம், பின்பக்கம், லாச்சியை இழுத்துப்போட்டு அதுக்குள்ள, அதுகளையும் பகல் வெளிச்சத்தில எடுத்து அனுப்புங்கோ. எனக்கு அங்கதான் வேலை.

கேள்வி: அம்மம்மா மோசம் போனபிறகு அவவின்ட அலுமாரியைத் துப்புரவாக்கேக்க ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசு கிடைச்சது. ஒண்டில வி, ஓ, சி எண்டு இங்கிலீஷ் எழுத்து மூண்டு பின்னி இருக்கு, கீழ 1752. இது லட்சக்கணக்கில போகும் எண்டு மச்சான் யூடியூப்ல பாத்தாராம். பாதியைப் புளி போட்டு மினுக்கிப்போட்டன். மிச்சத்தையும் மினுக்கவோ? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஐயோ தங்கச்சி, புளியைக் குசினிக்குள்ள திருப்பி வையுங்கோ! செப்புக்காசில வருஷக்கணக்காப் படிஞ்ச அந்த மண்ணிறம்தான் சேகரிக்கிற ஆக்களுக்குத் தேவை, மினுங்கின காசைக் கையில எடுத்த உடனேயே விலையைப் பாதிக்கும் கீழ இறக்கிப்போடுவினம். மண் ஒட்டி இருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறப்போட்டு, தேய்க்காம ஒத்தி எடுங்கோ, அதுக்கு மேல ஒண்டும் செய்யாதேங்கோ.

அந்த மூண்டு எழுத்தும் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கொம்பனிட குறி, காசுக்குப் பேர் டொயிட். நெதர்லாந்தில அடிச்சு 1726ல இருந்து கப்பல் கப்பலா ஆசியாவுக்கு ஏத்தினது. மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, கிரீடம் வச்ச கேடயத்துக்குள்ள சிங்கம் நிண்டா ஹொலண்ட் மாகாணம், சிங்கம் தண்ணி அலைக்குள்ள இருந்து எழும்பினா சீலண்ட். எக்கச்சக்கமா அடிச்சபடியால இண்டைக்கும் இலங்கையில, இந்தோனேசியாவில எல்லாம் மண்ணுக்குள்ள இருந்து வந்துகொண்டுதான் இருக்கு, தேஞ்ச ஒண்டை வித்து ரெண்டு பேர் ஒரு நல்ல கடையில சாப்பிட்டா அதோட சந்தோஷப்படுங்கோ. மச்சான் பாத்த வீடியோ காசு விக்கிற வீடியோ இல்ல, வியூஸ் எடுக்கிற வீடியோ.

நான் எண்டா அந்த டின்னில வேற சாமான் தேடுவன். கட்டையா, தடிப்பா, வட்டம் கூட ஒழுங்கா இல்லாத செப்புக்காசு ஏதும் இருக்கோ? ஒல்லாந்தர் கடைசிக் காலத்தில இஞ்சையே அடிச்ச ஸ்டைவர் அப்பிடித்தான் இருக்கும், கொழும்பில அடிச்சதுக்கு சி, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு டி, யாழ்ப்பாணத்துக்கு ஐ எண்டு ஒரு எழுத்து. அதுக்கு டொயிட்டை விட வாங்கிற ஆக்கள் கூட. பிறகு வெள்ளைக்காரன் வந்து 1801ல இருந்து அடிச்ச யானைக்காசு, அதுவும் நல்லது. 10, 25, 50 சதம் எண்டு வெள்ளி நிறத்தில இருந்தா வருஷத்தைப் பாருங்கோ, 1892ல இருந்து 1917 வரைக்கும் வந்ததில நூறுக்கு எண்பது பங்கு வெள்ளி, 1919ல இருந்து பெரும்பாலும் ஐம்பத்தைஞ்சு பங்குதான், ரெண்டாம் உலக யுத்தத்துக்குள்ள வெள்ளியே இல்லாமப் போச்சுது. 1957ல புத்த ஜயந்திக்கு அடிச்ச பெரிய அஞ்சு ரூபாவும் வெள்ளிதான். மினுக்கினதோ இல்லையோ வெள்ளிக்கு வெள்ளி விலை எண்டாலும் நிக்கும். கோட்டை சதாம் வீதியில மத்திய வங்கிட பொருளாதார வரலாற்று மியூசியத்தில இதெல்லாம் வரிசையா வச்சிருக்கு, ஒரு நாள் டின்னோட போய் ஒப்பிட்டுப் பாருங்கோ.

கேள்வி: லண்டனில இருக்கிற மகள் வீட்டுப் பெட்டகத்தையும் கொஞ்சப் பழைய காசையும் அனுப்பச் சொல்லுறா. சும்மா பார்சல்ல போடலாமோ? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: போடேலாது. 1940ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தின சிலை, காசு, நகை, ஏடு, ஆயுதம் எல்லாம் தொல்பொருள், அது உங்கட சொந்தச் சாமானா இருந்தாலும் வெளிநாட்டுக்குக் கொண்டு போக லைசன்ஸ் வேணும். (அந்தத் தேதி கண்டி ஒப்பந்தம் எழுதின நாள்.) அதுக்கு மேல 1988ல வந்த கலாசார ஆதனச் சட்டமும் இருக்கு. கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில தொல்பொருள் திணைக்களத்தில போய்க் கேளுங்கோ, பெட்டகம் பிந்தினது எண்டு நீங்களே முடிவு கட்டிப்போட்டு கொண்டெய்னர்ல ஏத்தாதேங்கோ, கஸ்டம்ஸ்காரன் உங்கட முடிவைக் கேக்கமாட்டான்.

கேள்வி: ராமர், சீதை, அனுமார் போட்ட 1818ம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கொம்பனிக் காசு ஒண்டு ஒரு ஆளிட்ட இருக்கு. அரிசியை இழுக்கிற சக்தி இருக்காம், அதால கோடிக்கணக்கில போகுமாம். டெஸ்ட் பண்ண ஒண்டரை லட்சம் முற்பணம் கேக்கிறார். (வாசகர், வத்தளை)

பதில்: குடுக்காதேங்கோ. கொம்பனி அப்பிடி ஒரு காசு அடிக்கவே இல்ல, இந்தியாவில பட்டறையில செய்து விக்கிற பொம்மைக்காசு அது. அரிசி இழுக்கிறது காந்தமும் இரும்புத்தூளும். குடுத்துப்போட்டீங்கள் எண்டா பொலிசுக்குப் போங்கோ, வெக்கப்பட்டுக்கொண்டு வீட்டில இருக்கிறபடியாலதான் இந்தச் சுத்துமாத்து இவ்வளவு காலம் ஓடுது. வலம்புரிச் சங்கு, கஜமுத்து எண்டு கோடிக்கணக்கில கதைச்சுக்கொண்டு வாற ஆக்களுக்கும் இதே பதில்தான், ஆனா அங்க காசு மட்டுமில்ல ஆளும் உள்ள போக வேண்டி வரும்.

கேள்வி: மாமியின்ட பழைய சிங்கர் கால் மெசின் ஒண்டு இருக்கு. உள்ளுக்கு சிவப்பு மேர்க்கறி (பாதரசம்) இருக்கு, பத்து லட்சம் தாறம் எண்டு ரெண்டு பேர் வந்து ஊசிக்குப் பக்கத்தில போனைப் பிடிச்சுப் பாத்திட்டுப் போச்சினம். உண்மையோ? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: இந்தக் கதை 2009ல சவூதியில பத்தி எரிஞ்சது, அங்க சனம் பழைய சிங்கர் மெசினைத் தேடி ஓடித்திரிஞ்சது, போனைக் கிட்டக் கொண்டுபோனா லைன் கட்டாகினா மேர்க்கறி இருக்கு எண்டதும் அப்ப வந்த நம்பிக்கைதான். தையல் மெசினுக்குள்ள மேர்க்கறி வைக்க ஒரு தேவையும் இல்ல, இரும்பும் எண்ணெயும்தான் உள்ளுக்கு. இப்பிடி வாற ஆக்கள் பிறகு "சோதனைச் செலவு" எண்டு உங்களிட்டையே காசு கேப்பினம், இல்லாட்டி வீட்டில வேற என்ன கிடக்கெண்டு பாத்துக்கொண்டு போவினம்.

மெசின்ட வயசு வேணுமெண்டா வலது பக்கத்து அடித்தட்டில ஒரு எழுத்தோ ரெண்டு எழுத்தோ போட்டு நம்பர் குத்தி இருக்கும், அத வச்சு எந்த வருஷம், எந்த ஃபக்டரி எண்டு எடுக்கலாம். எங்கட பக்கத்துக்கு வந்த கனக்க மெசின் ஸ்கொட்லாந்தில கிளைட்பேங்க் எண்ட இடத்தில செய்தது, 1877லயே சிங்கர் கொழும்பில கடை திறந்திட்டுது, அப்ப எத்தினை வீட்டில நிண்டிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதனால அரிய சாமான் எண்டு சொல்லேலாது. ஓடுற மெசினுக்கு ஓடுற மெசின்ட விலை, கறுப்பில போட்ட தங்கப் பூ வேலை அழியாம இருந்தா கொஞ்சம் கூட. மாமி இன்னும் தைக்கிறா எண்டா வித்துப்போடாதேங்கோ, இப்ப வாற பிளாஸ்டிக் மெசின் ஜீன்ஸுக்கு முன்னால அழும்.

கேள்வி: காலி வீதியில ஒரு கடையில "ஒல்லாந்தர் காலத்து" வட்டக் கதிரை ஒண்டு 1,85,000க்கு வாங்கினன், ஆறு கால், பிரம்பு இருக்கை. கூட்டாளி சொல்லுறான் மொறட்டுவையில போன வருஷம் செய்ததாம். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? (வாசகர், தெஹிவளை)

பதில்: கதிரையைக் கவிழ்த்துப் போட்டு ஒரு டோர்ச்சை எடுங்கோ. வெளிச்சத்தை நேர அடிக்காம பக்கவாட்டில, மரத்தோட ஒட்டினமாதிரிச் சாய்ச்சுப் பிடிச்சா வாள் போன கோடு தெரியும். கோடு நேரா, ஆனா ஒண்டுக்கொண்டு சமன் இல்லாமப் போனா கைவாள், வில்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போனா வட்ட வாள், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில வந்த மெசின் வேலை. ஒல்லாந்தர் கொழும்பில இருந்தது 1656ல இருந்து 1796 வரைக்கும், கணக்கை நீங்களே பாருங்கோ.

அடுத்தது திருகாணி. ஒண்டை மெதுவாக் கழட்டுங்கோ. பழைய கைத் திருகாணிக்கு நுனி கூர் இல்ல, மொட்டையா இருக்கும், தலையில வெட்டின கோடு நடுவில இருந்து கொஞ்சம் விலகி இருக்கும். கூர் நுனி பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவிலதான் வந்தது. நட்சத்திரத் தலை எண்டா 1930களுக்கு முதல் இல்லவே இல்ல. ஆனா அவசரப்படாதேங்கோ, இருநூறு வருஷக் கதிரையை எத்தினையோ தச்சன் திருத்தி இருப்பான், ஒரு புதுத் திருகாணியைக் கண்டிட்டுக் கடைக்காரனோட சண்டைக்குப் போகேலாது, எல்லாத் திருகாணியும் புதுசெண்டாத்தான் யோசிக்கோணும்.

பிரம்பையும் பாருங்கோ. சட்டத்தில துளை துளையாப் போட்டு ஒவ்வொரு இழையாக் கையால பின்னினதோ, இல்லாட்டி மெசின்ல பின்னின பாயை ஒரு காடிக்குள்ள அமத்தி மேல குச்சி வச்சு அடிச்சதோ? ரெண்டாவது எண்டா, குறைஞ்சது இருக்கையாவது பிந்தினது. பிறகு தேய்மானம், கை வைக்கிற நுனி, கால் படுற குறுக்குச் சட்டம், அங்கதான் மனுசர் தேய்ப்பினம். கள்ள வேலை செய்யிற ஆள் எல்லா இடத்தையும் சமனாத் தேச்சு வச்சிருப்பான், அடிப்பக்கத்துக்கும் ஒரே கறுப்புச் சாயம் பூசி விட்டிருப்பான். உண்மையில பழைய மரத்தின்ட அடி காஞ்சு, இடத்துக்கு இடம் நிறம் மாறி, பொலிஷ் காணாமத்தான் கிடக்கும்.

புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில ஒல்லாந்தர் மியூசியம் இருக்கு, அங்க நிக்கிற கதிரைகளைக் குனிஞ்சு பாருங்கோ, காவலாளி ஒரு மாதிரிப் பாப்பார், பரவாயில்ல. என்ட கருத்தைக் கேட்டா, மொறட்டுவைத் தச்சனின்ட வேலையில குறை ஒண்டும் இல்ல, முதிரையிலயோ கருங்காலியிலயோ செய்தது எண்டா அந்த விலைக்குக் கூடப் பெறும், குறை அதுக்கு வேற வயசு சொல்லி வித்ததுதான். பில்லில "ஒல்லாந்தர் காலம்" எண்டு எழுதித் தரச் சொல்லிப் போய்க் கேளுங்கோ. எழுதமாட்டன் எண்டா அதுதான் பதில்.

கேள்வி: உம்மும்மாட வெள்ளி டீ பொட் ஒண்டு ஈக்கி, அடியில ஈ.பி.என்.எஸ் எண்டு நாலு எழுத்து. செட்டியார் தெருவில நிறுத்துக் குடுக்கலாமா? (வாசகி, தெமட்டகொட)

பதில்: நிறுத்தா ஏமாற்றம்தான், அந்த எழுத்து வெள்ளி முலாம் எண்டதுக்குத்தான். உள்ளுக்கு நிக்கல் கலந்த உலோகம், அதுல வெள்ளியே இல்ல. இங்கிலாந்து வெள்ளிக்கு நடந்து போற சிங்கக் குறி இருக்கும், பக்கத்தில நங்கூரம் எண்டா பேர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை எண்டா லண்டன். உங்கட பொட்டை நோன்பு திறக்கேக்க மேசையில வையுங்கோ, வடிவா இருக்கும்.

கேள்வி: பித்தளைக் குழாய் வச்ச, நாய்ப் படம் போட்ட கிராமபோன் 60,000க்கு வருது. எடுக்கவா? அதோட வீட்டில அப்பாட வால்வ் ரேடியோவும் கிடக்கு, போட்டுப் பாக்க ஆசை. (வாசகர், கொழும்பு 13)

பதில்: கிராமபோனை எடுக்காதேங்கோ. பளபளக்கிற மெல்லிய பித்தளைக் குழாய், புதுப் பலகைப் பெட்டி, உள்ளுக்கு ஏதோ ஒரு பெட்டி கிராமபோன்ட மோட்டர், முன்னால நாய்த் தகடு, இந்தியாவில சேத்துக் கட்டி உலகம் முழுக்க விக்கினம். ஷோகேசுக்கு வேணுமெண்டா விலையைப் பேசி நல்லாக் குறையுங்கோ.

ரேடியோவை நேரப் பிளக்கில குத்தவே குத்தாதேங்கோ. உள்ளுக்கு மெழுகுக் கடதாசிக் கபாசிட்டர் காலத்தோட கசிஞ்சு போயிருக்கும், கரண்ட் போனா புகையும், டிரான்ஸ்போமரும் சேந்து போகும். சில செட்டில அடிச்சட்டமே கரண்டில நிக்கும், தொட்டா ஆள் காலி. வால்வ் தெரிஞ்ச, பழைய ரேடியோ திருத்திற ஒரு பாஸைப் பிடியுங்கோ, இன்னும் ஒண்டு ரெண்டு பேர் இருக்கினம்.

கேள்வி: பழைய வீட்டில யானைத் தந்தம் ஒரு சோடி. (பேர் போடேல்ல)

பதில்: வனசீவராசிகள் திணைக்களத்தில பதிஞ்ச கடதாசி இருக்கோ எண்டு முதல் தேடுங்கோ. இல்லாட்டி விலை கேட்டுத் திரியாம ஒரு லோயரைக் கேளுங்கோ.

கேள்வி: அம்மாட பெரிய குத்துவிளக்கு, நாலரை அடி, கீழ அப்பப்பாட பேரும் ஊரும் வெட்டி இருக்கு, தட்டில ஒரு வெடிப்பு. நானும் அக்காவும் பங்கு பிரிக்கிறம். பழைய சாமான் கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு எண்டு விலை சொன்னார். சரியான விலையோ? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: கிலோக் கணக்கில கதைக்கிற ஆள் உருக்கிற விலை சொல்லுறார், அதுக்குக் கீழ போகாது எண்டதுக்கு மட்டும் அத வச்சுக்கொள்ளுங்கோ. காந்தத்தை வச்சுப் பாருங்கோ, ஒட்டினா உள்ளுக்கு இரும்பு. ஒட்டாட்டி துண்டு துண்டாக் கழட்டி, புரிகள் எல்லாம் ஒண்டுக்கொண்டு ஒழுங்காப் பொருந்துதோ, மேல நிக்கிற அன்னம் அதே நிறப் பித்தளையோ எண்டு பாருங்கோ, கனக்க விளக்கில மேல் துண்டு துலைஞ்சு வேற விளக்கின்டதை மாட்டி இருப்பினம். பேர் வெட்டினபடியால வெளி ஆக்கள் கொஞ்சம் தயங்குவினம், ஆனா ஊர் ஆக்கள், சொந்தத்துக்குள்ள ஆக்கள் எண்டா அதுக்காகவே கூடக் குடுப்பினம்.

பங்குக்கு ஒரு வழி சொல்லுறன். விலையை அக்கா சொல்லட்டும், அந்த விலையில பாதியை அக்காவுக்குக் குடுத்து விளக்கை எடுக்கிறதோ, விளக்கை அக்காவுக்கு விட்டுப் பாதிக் காசை எடுக்கிறதோ எண்டு நீங்கள் தெரிவு செய்யுங்கோ, அக்கா கூட்டியும் சொல்லமாட்டா குறைச்சும் சொல்லமாட்டா. தட்டில வெடிப்பு எண்டு எழுதினீங்கள், அத ஈயம் வச்சு ஒட்டக் குடுக்காதேங்கோ, திரி எரியிற சூட்டில விட்டுப்போகும், பித்தளை வார்க்கிற ஆளிட்டக் காட்டுங்கோ.