அட்டையில் விட்டுப்போன கரு

கேள்வி: வயது 36, இப்போது 11 வாரம். மன்னார்குடி பக்கம் கிராமம். டாக்டர் என் அட்டையில் சிவப்பு மையால் 'எல்டர்லி ப்ரைமி' என்று எழுதிவிட்டார். "கிழவின்னா எழுதியிருக்கு?" என்று மாமியார் கேட்க, கூசிப்போனேன். நாலு வருஷம் முன்பு திருப்பூரில் மூன்றாம் மாதம் கலைந்து க்ளீன் பண்ணியபோதுகூட இப்படி வலிக்கவில்லை (அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்). ரத்தம் வேறு ஓ நெகட்டிவாம். அந்த வார்த்தையை மாற்றச் சொல்லலாமா?

பதில்: நாளைக்கே போய் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் 'எல்டர்லி' அப்படியே இருக்கட்டும். 35 வயதானாலே 'எல்டர்லி' என்ற கணக்கு 1958-லேயே சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு வைத்தது. இப்போது 'அட்வான்ஸ்டு மெட்டர்னல் ஏஜ்' என்று நாசூக்காக எழுதுகிறார்கள். எடுக்கிற டெஸ்டுகள் அதேதான்.

பொய்யாக இருப்பது 'ப்ரைமி', அதாவது முதல்முறை உண்டானவள் என்பது. ஜி2 பி0 ஏ1 (உண்டானது இரண்டு, பிரசவம் இல்லை, கலைந்தது ஒன்று) என்று இருக்கவேண்டிய அட்டை அது. மாமியார் பக்கத்தில் நிற்க, "இதுக்கு முன்னாடி உண்டானதுண்டா?" என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் இல்லையென்று தலையாட்டியிருப்பீர்கள். அடைப்புக்குறிக்குள் போட்டு எனக்கு எழுதத் தெரிந்ததை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லையா?

நெகட்டிவ் ரத்தக்காரிக்கு இது விளையாட்டல்ல. கலைந்த கரு பாசிட்டிவாக இருந்திருந்தால், அதன் ரத்தம் கலந்து உங்கள் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. போட்டார்களா? திருப்பூர் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். கணவரின் ரத்த வகையைப் பாருங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் இந்தக் கவலை விட்டது. பாசிட்டிவ் என்றால், சீட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் கட்டாயம். அது நெகட்டிவாக வந்தால் 28-வது வாரம் ஒரு ஊசி, பிறக்கும் குழந்தை பாசிட்டிவானால் 72 மணிக்குள் இன்னொன்று. டெஸ்ட் பாசிட்டிவாக வந்துவிட்டால் அந்த ஊசியால் பயனில்லை. பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தை அழிக்க, வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு ரத்தம் குறையலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியில் அடிக்கடி ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

உங்களைவிட உங்கள் வீட்டுக்காரர் மேல்தான் எனக்கு ஆத்திரம். பெற்ற தாயிடம் "போன தடவை கலைஞ்சுடுச்சும்மா" என்று சொல்வது மகன் வேலை. பெண்டாட்டி பேச்சு வாங்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பவர் எந்தக் குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறார்?

அடுத்த முறை அவரையே அழைத்துப் போங்கள். மாமியாரும் வந்தால், தனியாகப் பேசவேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், வெளியே உட்காரவைப்பார். அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியிலும் திருத்தச் சொல்லுங்கள். ரத்தக்கொதிப்பு வராமலிருக்க ஆஸ்பிரின் வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், அதை 16 வாரத்துக்குள் தொடங்கவேண்டும். குழந்தையின் பின்கழுத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்குக் கெடு 13 வாரம் 6 நாள். உங்களுக்கு மூன்று வாரம்கூட இல்லை.