ஒரே கேள்விக்கு நான்கு பதில் சொல்லும் பாட்

கேள்வி: எங்கள் கம்பெனியில் 40 பேர், எல்லாரும் ஸ்லாக்கில்தான் பேசிக்கொள்கிறோம். பாட்டை (தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்) மென்ஷன் செய்து ‘எனக்கு எத்தனை லீவு பாக்கி?’ என்று கேட்டால், ஹெச்ஆர் டேட்டாபேஸைப் பார்த்துப் பதில் சொல்லும்படி நோட் ஜேஎஸ்ஸில் எழுதியிருக்கிறேன். எக்ஸ்பிரஸ் சர்வர், ஸ்லாக்கின் வெப் ஏபிஐ லைப்ரரி, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில் ஏற்றியதும் ஒரே கேள்விக்கு 2 பதில், சில நேரம் 4 பதில் வருகிறது. லூப் எதுவும் இல்லை. புரோகிராம் கோடை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கோடைப் படித்தேன். லூப் இல்லைதான். திரும்பத் திரும்ப அனுப்புவது ஸ்லாக். யாராவது உங்கள் பாட்டை மென்ஷன் செய்ததும் அது உங்கள் சர்வருக்கு ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் அனுப்பும். 3 விநாடிக்குள் 200 (‘கிடைத்தது’ என்று சொல்லும் எண்) என்ற பதில் அதற்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் செய்தி உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட உடனே இன்னொரு தடவை அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு நிமிடம் கழித்து, அப்புறம் 5 நிமிடம் கழித்து. முதலில் வந்ததோடு சேர்த்தால் 4. உங்கள் சர்வர் நான்கையும் புதுக் கேள்வியாக நினைத்து, நான்குக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிறது.

உங்கள் கோடில் வரிசை இப்படி இருக்கிறது: டேட்டாபேஸுக்காக ஒரு அவெய்ட் (வேலை முடியும்வரை காத்திருக்கும் வரி), சேனலில் செய்தி போட இன்னொரு அவெய்ட், கடைசி வரியில் 200. லேப்டாப்பில் இருப்பது பத்து வரி உள்ள டெஸ்ட் டேட்டாபேஸ், அதனால் எல்லாம் நொடியில் முடிந்துவிடுகிறது. நிஜ டேட்டாபேஸில் அந்த முதல் அவெய்ட்டே 3 விநாடியைத் தின்றுவிடுகிறது. கடைசி வரியை முதல் வரிக்குக் கொண்டுபோங்கள். 200 போகட்டும், வேலையை அதற்குப் பிறகு செய்யுங்கள். லாம்டா (ரிக்வெஸ்ட் வரும்போது மட்டும் கோடை ஓட்டும் அமேசான் சேவை) போன்ற இடத்தில் ஓட்டுவதாக இருந்தால் இது மட்டும் போதாது. அங்கே பதில் போனதும் மீதி வேலை பாதியில் உறைந்துவிடலாம், எனவே கேள்வியை ஒரு க்யூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போட்டுவிட்டு 200 சொல்ல வேண்டும்.

நெட்வொர்க் சொதப்பி 200 வழியிலேயே தொலைந்துபோவதும் உண்டு. அதற்கும் ஒரு காப்பு வையுங்கள். ஒவ்வொரு ஈவென்ட்டிலும் ஒரு ஈவென்ட் ஐடி இருக்கிறது. எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அது மாறாது. ரெடிஸ் என்ற வேகமான டேட்டாபேஸிலோ ஒரு சின்ன டேபிளிலோ அதைக் குறித்துவைத்து, ஏற்கெனவே பார்த்த ஐடி வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. வரும் ரிக்வெஸ்ட் ஸ்லாக்கிடமிருந்துதான் வருகிறதா என்று உங்கள் கோட் எங்கேயும் சரிபார்க்கவில்லை. அந்த யூஆர்எல் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஸ்லாக் போல நடிக்கலாம். ஸ்லாக் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுடனும் நேரத்தையும் ஒரு கையெழுத்தையும் ஹெடரில் அனுப்புகிறது. உங்கள் ஆப்புக்கு ஸ்லாக் தரும் ரகசியச் சாவியான சைனிங் சீக்ரெட்டை வைத்து அதே கணக்கை நீங்களும் போட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸில் இதைக் கையால் செய்யும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: கையெழுத்து, வந்த பாடியின் அசல் எழுத்துகளுக்கு மேல் போட்டது. ஜேசன் பார்சர் அதைப் பிரித்த பிறகு நீங்கள் மறுபடி ஒட்டவைத்தால் ஒரு இடைவெளி மாறினாலும் கணக்கு ஒத்துவராது.

இதையெல்லாம் சொன்னாலும், என் சிபாரிசு போல்ட் லைப்ரரிக்கு மாறுவதுதான். ஸ்லாக்கே வெளியிடுவது. கையெழுத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், மென்ஷன் போன்ற ஈவென்ட்டுகளுக்கு 200ஐயும் தானே முதலில் அனுப்பிவிடும். உங்கள் இரண்டு பிரச்சினையும் அதோடு தீரும்.

கடைசியாக, என் மனதில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு எத்தனை லீவு பாக்கி என்பது அவருடைய சொந்த விஷயம். அதை 40 பேர் பார்க்கும் சேனலில் ஒரு தடவை சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. இதை ஸ்லாஷ் கமாண்டாக (சாய்கோட்டில் தொடங்கும் கட்டளை) மாற்றுங்கள். அதற்கான பதில், நீங்கள் வேறு மாதிரி கேட்காதவரை, கேட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: ஸ்லாஷ் கமாண்டுக்கு போல்ட் தானாக ஒப்புகை அனுப்பாது. கமாண்ட் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அதற்கான ‘ஆக்’ ஃபங்ஷனை நீங்கள்தான் கூப்பிட வேண்டும். அதே 3 விநாடிக் கெடுதான். அதைக் கூப்பிட்டுவிட்டால் நிதானமாகப் பதில் சொல்ல 30 நிமிடம் இருக்கிறது.

கேள்வி: போல்ட்டில் சாக்கெட் மோட் போட்டு ஒரு பாட் ஓட்டுகிறோம். ஒரு தடவை சரியாகப் பதில் சொல்கிறது, அடுத்த தடவை நேற்றே திருத்திவிட்ட பழைய வாசகத்தைச் சொல்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை.
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் டீமில் யாரோ ஒருவர் லேப்டாப்பில் அதே பாட்டை ஓட்டிவிட்டு நிறுத்த மறந்திருப்பார். முதலில் அதைத் தேடுங்கள்.

சாக்கெட் மோட் நல்ல வசதி. உங்கள் சர்வருக்கு வெளியே தெரியும் யூஆர்எல் எதுவும் தேவையில்லை. பாட்டே உள்ளேயிருந்து ஸ்லாக்குக்கு ஒரு வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) திறந்துவைத்துக் காத்திருக்கும். ஆபீஸ் ஃபயர்வாலுக்குள் இருப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. ஆனால் ஒரே ஆப் டோக்கனை (ஆப்பை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) வைத்து ஒரே நேரத்தில் 10 இணைப்பு வரை திறக்க ஸ்லாக் அனுமதிக்கிறது. திறந்திருக்கும் எல்லாவற்றுக்கும் செய்தியைக் காப்பி போட்டு அனுப்பாது, ஏதாவது ஒன்றுக்குத்தான் கொடுக்கும். சர்வருக்குப் போனால் புதுப் பதில், லேப்டாப்புக்குப் போனால் பழைய பதில்.

டெவலப்மென்டுக்கென்று ஸ்லாக்கில் தனி ஆப் ஒன்று உருவாக்கி, அதன் டோக்கனை மட்டும் லேப்டாப்பில் வையுங்கள். சர்வர் டோக்கன் யார் லேப்டாப்பிலும் இருக்க வேண்டியதில்லை. இப்போது எங்கெங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கேள்வி: பில்ட் ஃபெயில் ஆனால் சேனலில் ஒரு வரி வர வேண்டும். பாட் யாரிடமும் பேச வேண்டாம். எந்த லைப்ரரி நல்லது?
— வாசகர், மதுரை

பதில்: எதுவும் வேண்டாம். ஸ்லாக்கில் அந்தச் சேனலுக்கு ஒரு இன்கமிங் வெப்ஹுக் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யூஆர்எல் கிடைக்கும். அதற்கு ஜேசனாக ஒரு வரி போஸ்ட் செய்தால் செய்தி வந்துவிடும். நோட் 18 முதல் ஃபெட்ச் (ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபங்ஷன்) உள்ளேயே இருக்கிறது, அதுவே போதும். அந்த யூஆர்எல்லைப் பாஸ்வேர்டு மாதிரி பாதுகாக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் யாரானாலும் உங்கள் சேனலில் எழுதலாம், எனவே கிட்டில் ஏற்றிவிடாதீர்கள். செய்தியில் எந்தப் பிராஞ்ச், யாருடைய கமிட், லாக் எங்கே என்ற மூன்றும் இருக்கட்டும். வெறும் ‘பில்ட் ஃபெயில்ட்’ என்று வந்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் அந்தச் சேனலை மியூட் செய்துவிடுவார்கள்.

கேள்வி: கஸ்டமர் டிக்கெட் வந்ததும் பாட் சேனலில் ஒரு செய்தி போடும். டிக்கெட்டில் மாற்றம் வந்தால் அதே செய்தியின் த்ரெட்டில் பதில் போடும். பெரும்பாலும் சரியாக வேலை செய்கிறது. எப்போதாவது ஒரு பதில் மட்டும் த்ரெட்டில் சேருவதில்லை. காரணம் புரியவில்லை.
— வாசகர், திருச்சி

பதில்: ‘எப்போதாவது’ என்று நீங்கள் எழுதியதில்தான் துப்பு இருக்கிறது. த்ரெட்டின் அடையாளத்தை டேட்டாபேஸில் நம்பராகச் சேமிக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஸ்லாக்கில் ஒரு செய்தியின் அடையாளம் அது வந்த நேரம். 1718000000.123450 என்பதுபோல, புள்ளிக்குப் பின் 6 இலக்கத்தோடு வரும். பார்த்தால் எண் மாதிரிதான் இருக்கும், ஆனால் அது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர். ஜாவாஸ்கிரிப்ட்டில் நம்பராக மாற்றினால் 1718000000.12345 ஆகிவிடும், கடைசிப் பூஜ்ஜியம் போய்விடும். அந்தப் பெயரில் ஸ்லாக்கிடம் செய்தியே கிடையாது. கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக முடியும் செய்திகளில் மட்டும்தான் இது நடக்கும் என்பதால் டெஸ்ட் செய்யும்போது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

டேட்டாபேஸில் அதைச் சேமிக்கும் நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள், கோடிலும் எங்கேயும் நம்பராக்காதீர்கள். ஏற்கெனவே சேமித்தவை வீணாகவில்லை. புள்ளிக்குப் பின் 6 இலக்கம் வரும்வரை வலது பக்கம் பூஜ்ஜியம் நிரப்பினால் பழைய த்ரெட்டுகளும் மறுபடி வேலை செய்யும்.