ஆமைத் தொட்டியில் தினமும் தண்ணீர் மாற்றியும் நாற்றம் போகவில்லை, என்ன செய்யலாம்?

தினமும் மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள், பாதி நாற்றம் அதனால்தான்.

ஆமையின் கழிவும் மிச்சத் தீனியும் சேர்ந்தால் அம்மோனியா, வாடையடிக்கிற நச்சு. அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குகிற பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். நீங்கள் முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்தால் குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் பட்டு அந்தப் பாக்டீரியா செத்துவிடும், மறுபடி வாடை, மறுபடி கழுவல். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், போதும். அப்படி எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசுங்கள். அடியில் கூழாங்கல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இடுக்கில் கழிவு தங்கும், சின்னக் கல்லை ஆமை விழுங்கியும் வைக்கும்.

மதுரையில் மாநகராட்சித் தண்ணீர் பிடிப்பவர்கள் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கும். போர் தண்ணீரில் வேறு தொல்லை, கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெள்ளைக் கோடு விழும். அது உப்பு, நாறாது. வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

ஆனால் என்னைக் கேட்டால் முக்கியமான விஷயம் தீனிதான். ஆமை நாசூக்காகச் சாப்பிடுகிற ஜீவன் இல்லை, காய்ந்த இறாலைக் கவ்வி முன்னங்காலால் கிழிக்கும்போது பாதி வாய்க்குள் போகும், மீதி தூளாகி மிதக்கும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி பளபளக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையென்றால் சாயங்காலத்துக்குள் அது ஊசிப்போகும். எங்கள் வீட்டில் தீனி வைப்பது தனி பிளாஸ்டிக் டப்பில். அங்கேயே தின்றுவிட்டு, கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் வெளிக்கும் அங்கேயே போய்விடும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால் முடிந்தது வேலை. அளவு ஆமையின் தலை அளவுக்குப் பெல்லட் (கடையில் விற்கிற குச்சி, உருண்டைத் தீனி), வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இறாலை எப்போதாவது கொடுங்கள், அதை மட்டுமே போடச் சொல்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கடையில் பிளாஸ்டிக் தென்னைமரத்தோடு விற்கிறார்களே ஒரு கிண்ணம், அதில் வைத்திருந்தால் நான் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. கடைகளில் பரவலாக விற்கிற சிவப்புக்காது ஆமைக்கு ஓட்டு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் வேண்டும், 4 அங்குல ஆமைக்கே 160 லிட்டர் வந்துவிடும். ஃபில்டரும் தொட்டி அளவைப் போல இரண்டு மடங்குத் தொட்டிக்கானதாகப் பார்த்து வாங்குங்கள், மீனுக்குச் சொல்லும் கணக்கு இதற்குத் தாங்காது. (உங்களுடையது கண்மாயில் பிடித்த ஆமை என்றால் கதை வேறு. பாலாமை, நட்சத்திர ஆமை எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது, வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.)

வாடையை மறைக்க சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் வேண்டாம். தொட்டிக்குள் பினாயில், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (வாடையை உறிஞ்சுகிற கரி) பை ஒன்று வைத்து மாதாமாதம் மாற்றினால் மிச்சமிருக்கிற வாடையும் அடங்கும்.

எடுக்கிற தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றுங்கள், நைட்ரேட் அதற்கு உரம். சமையலறைத் தொட்டியில் மட்டும் கொட்ட வேண்டாம், ஆமையிடம் சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். குழந்தைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.