விடை ஒன்றாக இருப்பது காப்பியடித்ததற்குச் சான்றாகாது

உங்கள் அட்டவணையில் 2, 4, 7 ஆம் நிமிடங்களில் தொட்டியில் 10, 18, 24 லிட்டர். 4 ஆம் நிமிடத்தின் மாறுவீதத்தை, அதாவது அப்போது நீர் ஏறும் வேகத்தை, உங்கள் மாணவர்கள் இருவருமே 2.8 என்று எழுதியதால் காப்பியடித்தார்களோ என்று சந்தேகப்படுகிறீர்கள். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். இருபுறப் புள்ளிகளான 2, 7 ஆம் நிமிடங்களை எடுத்து, ஏறிய 14 லிட்டரை 5 நிமிடத்தால் வகுத்தால் யாருக்கும் 2.8தான் வரும். இடப்பக்கச் சாய்வு (2 முதல் 4 ஆம் நிமிடம் வரை நிமிடத்துக்கு ஏறிய அளவு) 4, வலப்பக்கச் சாய்வு (4 முதல் 7 வரை) 2; சராசரி எடுத்தவருக்கு 3 வந்திருக்கும். இடைவெளிகள் சமமில்லை என்பதால், குறுகிய இடைவெளியின் சாய்வுக்குக் கூடுதல் எடை தந்து 3.2 என்று சொல்வதே என் விருப்பம். மூன்று புள்ளிகள் வழியே செல்லும் பரவளையமும் (இருபடிச் சமன்பாட்டின் வளைகோடு) அதையே தரும். மதிப்பீடு என்ற அளவில் இந்த மூன்று விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு.

இருவரும் ‘நிமிடத்துக்கு’ என்ற அலகை விட்டதும் பெரிதல்ல, பாதி வகுப்பு அப்படித்தான் எழுதும். “நீர் ஏறும் வேகம் சோர்ந்துகொண்டே போகிறது” என்ற வாக்கியம் இரண்டு தாளிலும் எழுத்து மாறாமல் இருப்பதுதான் உறுத்துகிறது. அது தற்செயலாக வராது. ஆனால் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்றும் சொல்லிவிட முடியாது. இருவரும் ஒரே குறிப்பிலிருந்து எடுத்திருக்கலாம்.

தனித்தனியே அழைத்து, 24 லிட்டர் 6 ஆம் நிமிடத்திலேயே வந்திருந்தால் விடை என்னவாகும் என்று கேளுங்கள். சொந்தமாகப் போட்டவர் 3.5 என்று காரணத்தோடு சொல்வார். தடுமாறினால் அந்த வாக்கியத்தின் பொருளைக் கேளுங்கள். தண்டனை பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.