மச்சானுக்கு ஒரு சாம்பிள் குழா

கேள்வி: அண்ணா, என் மச்சான் சிங்கப்பூர்ல இருக்காரு, அங்க வீட்லயே பீர் போடறாரு. சாம்பிள் பாக்க மூடியத் தொறந்து கரண்டி விட்டுத்தான் எடுப்பாராம், ரெண்டு தடவ மொத்தமும் புளிச்சுப் போச்சாம். இங்க பட்டறைல சொல்லி ஏதாவது செஞ்சு குடுக்கலாமா?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமா செய்யலாம் தம்பி. அங்க ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாம போட்டுக்கலாம், ஆனா நம்ம பக்கம் வீட்ல பீர் போட்டா குத்தம், பார்டருக்கு இந்தப் பக்கம் கேரளாவோட அப்காரி சட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டோட மதுவிலக்குச் சட்டம், அதனால குழாய மட்டும் செஞ்சு குடுங்க, இங்க தண்ணில டெஸ்ட் பண்ணிப் பாத்தா போதும்.

காலைல எறக்குன கள்ளு சாயங்காலத்துக்குள்ள எப்படி புளிக்குதுன்னு உங்க சித்தூர் தாலுகாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, காத்துல பாத்திரத்துல இருக்கற கிருமியெல்லாம் சேந்து பண்ற வேல அது, பீர்ல அப்படி ஆகக்கூடாது, நாம போட்ட ஈஸ்ட் மட்டும்தான் வேல செய்யணும். மச்சான் கரண்டியோட சேத்து அந்தக் கிருமியத்தான் உள்ள விட்டிருக்காரு. நானும் அங்க வேல பாத்தப்போ ட்யூப வாயில வெச்சு உறிஞ்சி சாம்பிள் எடுத்தேன், ஒரு வாரத்துல மேல வெள்ளையா ஆடை கட்டிருச்சு, 20 லிட்டரையும் சிங்க்ல ஊத்துனேன், இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. வாய் மட்டும் வைக்கவே கூடாது தம்பி.

சின்ன வயசுல பப்பாளிக் காம்ப வெட்டி தண்ணிக்குள்ள விட்டு, மேல் ஓட்டைய கட்டவெரலால அடைச்சுத் தூக்குனா தண்ணி கீழ விழாம நிக்கும்ல, வெரல எடுத்தா கொட்டும், அதேதான் இந்தக் குழாவும். 304 கிரேடு ஸ்டீல் பைப், உள் அகலம் 20 மில்லிமீட்டர், நீளம் 45 சென்டிமீட்டர். அடில ஒரு தகடு வெச்சு அடைச்சு நடுவுல 5 மில்லிமீட்டர் ஓட்டை, மேலயும் அடைச்சு கட்டவெரல் நல்லா மூடற மாதிரி 10 மில்லிமீட்டர் ஓட்டை. அடிய அப்படியே தொறந்து விட்டா காத்து உள்ள ஏறி அத்தனையும் கொட்டிரும், அதனாலதான் தகடு. ஆர்கான் வெல்டிங்தான் வேணும்னு சொல்லுங்க, உள்பக்கம் பிசிறு இருந்தா அழுக்கு அதுல போயி ஒக்காந்துக்கும், எவ்வளவு கழுவுனாலும் போகாது. 30 சென்டிமீட்டர் முங்குனா 90 மில்லிக்கு மேல வரும், அனேகமா ஒரு தடவைலயே ஹைட்ரோமீட்டர் ஜாடி ரொம்பிரும்.

ஹைட்ரோமீட்டர்னா பால் சொசைட்டில லாக்டோமீட்டர் போட்டுப் பாப்பாங்கல்ல, அதே சங்கதி, தண்ணியோட ஒப்பிட்டா எவ்வளவு அடர்த்தின்னு காட்டும். ஆரம்பத்துல 1.045 காட்டுனது, ஈஸ்ட் சக்கரைய தின்னு முடிக்கறப்போ 1.011க்கு எறங்குச்சுன்னா சாராயச் சத்து ஏறக்குறைய நாலரை சதவீதம். ரெண்டு மூணு நாள் விட்டுப் பாத்தாலும் அதே நம்பர் நிக்கணும், அதுக்கு முன்னாடி பாட்டில்ல அடைச்சா உள்ள கேஸ் சேந்து பாட்டிலே வெடிக்கும், கண்ணாடி கண்ணுல பட்டா என்னாகும்னு மச்சான்கிட்ட சொல்லுங்க. ஜாடில ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர்ல டீ ஆத்தற மாதிரி ஆத்தணும், இல்லேன்னா கேஸ் குமிழி ஒட்டிக்கிட்டு மீட்டர மேல தூக்கி தப்பு நம்பர் காட்டும். ஆத்துனத குடிச்சுப் பாக்கலாம், திரும்ப டப்பாவுல ஊத்தக்கூடாது.

ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு பிரஷ்ஷால தேச்சு, அகலமான பாத்திரத்துல படுக்க வெச்சு 10 நிமிஷம் கொதிக்க விட்டுத்தான் உள்ள விடணும், தொடைக்கறேன்னு துணி போடக்கூடாது.

பட்டறைக்கு அலைய முடியலன்னா மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்சும் உணவுக்கு ஆகற சிலிக்கான் ட்யூபும் வாங்கி மாட்டிக் குடுங்க, ரெண்டு இழுப்புல வேல முடியும். ஆனா சிரிஞ்சுக்குள்ள இருக்கற ரப்பர் நாளாக நாளாக கெட்டுரும், மாத்தணும், அதனால நான் ஸ்டீல்தான் சொல்வேன். வாங்குனதும் ஒரு கொடத்துத் தண்ணில விட்டு அடைச்சுத் தூக்கிப் பாருங்க, சொட்டிக்கிட்டே இருந்தா மேல வெரல் சரியா மூடலன்னு அர்த்தம், பட்டறைலயே நின்னு அந்த ஓட்டைய சரி பண்ணி வாங்கிட்டு வாங்க.